சுனாமிக்கு முதல் கடல் வத்துமா? எங்கட கரைக்கு ஏத்த கடல் அறிவைப் பற்றி

சுனாமி வரமுதல் கடல் உள்ளுக்கு வத்திப்போகும், மீன் தரையில கிடந்து துள்ளும், அப்ப திரும்பிப் பாக்காம ஓடவேணும். செம்மலை, அளம்பில், கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் எண்டு முல்லைத்தீவு மாவட்டத்தில எந்தக் கரையில நிண்டு கேட்டாலும் சின்னப்பிள்ளையளில இருந்து பெரியாக்கள் வரைக்கும் கனபேர் இதைத்தான் சொல்லுவினம். பிழையான தகவல் எண்டு இதைத் தள்ளிவிட ஏலாது, ஏனெண்டா 2004இல தாய்லாந்துக் கரையில அப்பிடித்தான் நடந்தது, அந்த வீடியோக்களைத்தான் இருபது வருசமா ரி.வி.யிலயும் போன்லயும் திரும்பத் திரும்பப் பாக்கிறம். ஆனா எங்கட கிழக்குக் கரைக்கு அண்டைக்கு முதல்ல வந்தது வத்து இல்லை, ஏத்தம். கடல் பின்வாங்கிக் காட்டி எங்களுக்கு நேரம் தரேல்ல, நேர உயர்ந்து உள்ளுக்கு வந்தது, அதுக்குப் பின்னால வந்த அலை இன்னும் பெரிசு.

ஏன் அங்க ஒரு மாதிரியும் இஞ்ச ஒரு மாதிரியும் எண்டது விளங்கினா மிச்சக் கதை லேசு. சுமாத்திராவுக்கு மேற்கால பூமியின்ர மேலோட்டில இந்தியத் தட்டு எண்ட பெரிய பாறைப் பாளம் பர்மாத் தட்டுக்குக் கீழ மெதுவா நுழைஞ்சு போகுது, போற வழியில ரெண்டும் சிக்குப்பட்டு நிக்கும், நிக்க நிக்க மேல இருக்கிற தட்டின்ர விளிம்பு கீழ இழுபட்டு வளையும். 2004 டிசம்பர் 26 விடிய அந்தச் சிக்கு கிட்டத்தட்ட 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு அறுந்தது. அறுந்த உடன விளிம்பு, அதாவது எங்களைப் பாத்த மேற்குப் பக்கம், மேல நிமிர்ந்தது, அதுக்குப் பின்பக்கம், தாய்லாந்தைப் பாத்த பக்கம், தாழ்ந்தது. மேல இருந்த தண்ணியும் அதே மாதிரித்தான் நிண்டது. அதால இலங்கை, இந்தியாப் பக்கம் வெளிக்கிட்ட அலைக்கு முன்னுக்கு மேடு இருந்தது, தாய்லாந்துப் பக்கம் போன அலைக்கு முன்னுக்குப் பள்ளம் இருந்தது. பள்ளம் முதல்ல போய்ச் சேர்ந்த கரையில கடல் வத்தினது, மேடு முதல்ல வந்த கரையில கடல் ஏறினது.

தாய்லாந்தின்ர பூக்கெட் தீவில மாய் காவ் எண்ட கடற்கரையில நிண்ட ரில்லி ஸ்மித் எண்ட 10 வயது இங்கிலாந்துப் பிள்ளையை உலகம் முழுக்கத் தெரியும். ரெண்டு கிழமைக்கு முதல் பள்ளிக்கூடத்தில புவியியல் பாடத்தில படிச்சதை வைச்சு, கடல் நுரைச்சுக்கொண்டு ஒரு மாதிரி நடக்கிறதைக் கண்டு, தாய் தேப்பனிட்டச் சொல்லி, அந்தக் கரையில நிண்ட சனத்தை எழுப்பின பிள்ளை. கடல் அறிவைச் சனத்துக்குச் சொல்லிக் குடுத்தா உயிர் தப்பும் எண்டதுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனா இந்தக் கதையை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து முல்லைத்தீவில சொல்லிப்போட்டுப் போனா, கேட்ட பிள்ளை அடுத்தமுறை கடல் வத்துதா எண்டு பாத்துக்கொண்டு கரையில நிக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. பொதுமக்கள் எண்டு பொதுவா ஒரு கூட்டம் இல்லை, ஒவ்வொருத்தரும் ஒரு கரையில இருக்கினம், அந்தக் கரைக்கு எது சரியோ அதைத்தான் சொல்லவேணும்.

சிமெலுவே எண்ட தீவு சுமாத்திராவுக்குப் பக்கத்தில, நிலநடுக்கம் வெளிக்கிட்ட இடத்துக்குக் கிட்ட இருக்கு. 1907இல அங்க ஒரு சுனாமி வந்து கனசனம் செத்தது, அதுக்குப் பிறகு ஆச்சிமார் பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லி ஸ்மோங் எண்ட கதை நிண்டது, நிலம் பலமா ஆடினா, அதுக்குப் பிறகு கடல் வத்தினா, மலைக்கு ஓடு எண்டு. 2004இல கிட்டத்தட்ட 78,000 சனம் இருந்த தீவில செத்தது 7 பேர். ஒரு சைரனும் இல்லை, ஒரு ஆப்பும் இல்லை. இதையும் எங்கட ஆக்கள் கூட்டங்கள்ல சொல்லுவினம், நல்ல கதை, ஆனா எங்களுக்கு நிலம் ஆடாது. நாங்கள் இருக்கிறது 1,500 கிலோமீற்றருக்கு அங்கால. அண்டைக்கு முல்லைத்தீவில ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மற்ற நாள், ஓடவேணும் எண்டு சொல்லுற அளவுக்கு ஒரு ஆட்டமும் காலுக்குத் தெரியேல்ல, கடலும் வழமையான கடலாத்தான் இருந்தது. அதாவது எங்கட கரையில இயற்கை முன்கூட்டிக் காட்டுற அடையாளம் எண்டு நம்பியிருக்க ஒண்டுமில்லை. தூரத்தில ஒருத்தருக்குத் தெரிஞ்சு அவர் சொல்லி அது எங்களிட்ட வந்தாத்தான் உண்டு.

தூரத்தில ஒருத்தருக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. நிலநடுக்கம் நடந்தது இப்ப நாங்கள் பாக்கிற நேரப்படி காலமை 6.28 (அப்ப கொழும்பு மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடினது, வன்னியில பழைய நேரம்தான்). கால் மணித்தியாலத்தில ஹவாயில இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை எழுதிப்போட்டுது, அளவை 8.0 எண்டு குறைச்சுத்தான் கணிச்சவை, பிறகுதான் 9.1 எண்டு தெரிஞ்சது. ஆனா இந்து சமுத்திரத்தில ஆருக்குச் சொல்லுறது, எந்த நம்பருக்கு எடுக்கிறது எண்டு ஒரு வழியும் அப்ப போட்டிருக்கேல்ல. அலை ஆழக்கடல்ல எவ்வளவு வேகமா வரும் எண்டதுக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு, ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாச் சரி. 4,000 மீற்றர் ஆழத்தில செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றர் சொச்சம். 10 மீற்றர் ஆழத்தில மணிக்கு 36 கிலோமீற்றர், அங்க முன்னால போனது வேகம் குறைய பின்னால வாறது வந்து ஏறி அலை உயரும். இந்தக் கணக்கில எங்கட கரைக்கு ஏறத்தாழ ரெண்டு மணித்தியாலம் இருந்தது. ரெண்டு மணித்தியாலத்தில முல்லைத்தீவுக் கரையில இருந்த ஒரு சின்னப்பிள்ளை கூட நடந்தே முள்ளியவளைப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். இதை எழுதேக்க எனக்கு இண்டைக்கும் கை கனக்குது, ஏனெண்டா எங்கட மாவட்டத்தில மட்டும் ஆயிரக்கணக்கில சனம் போனது.

அதே நாள் புதுச்சேரிக்குப் பக்கத்தில நல்லவாடு எண்ட மீனவ ஊரில நடந்ததைக் கட்டாயம் சொல்லவேணும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின்ர கடைசியில இருந்து அந்தப் பக்கத்து ஊர்கள்ல அறிவு நிலையம் எண்டு ஒரு கொம்பியூட்டரும் ஒலிபெருக்கியும் வைச்சு நடத்தினது. அந்தப் பக்கம் அவை செய்த வேலை பெரிய வேலை இல்லை, அமெரிக்கக் கடற்படையின்ர இணையத்தளத்தில இருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில வாசிக்கிறது, மீன் விலை சொல்லுறது, அரசாங்க அறிவித்தல் சொல்லுறது. டிசம்பர் 26 சிங்கப்பூரில வேலைசெய்த ஊர்க்காரர் ஒருத்தர் அங்க செய்தியைப் பாத்திட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார். வீட்டாக்கள் ஓடிப்போய் அந்த நிலையத்து ஒலிபெருக்கியில சொல்ல, மூவாயிரத்துக்கு மேல சனம் கரையை விட்டு எழும்பிப் போய்த் தப்பினது. சுனாமிக்கெண்டு வைச்ச ஒலிபெருக்கி இல்லை அது. அண்டாடம் சொன்னதைச் சனம் நம்பிப் பழகின ஒலிபெருக்கி. நான் இந்தக் கட்டுரையில சொல்ல வாறது இதுதான், கடல் அறிவு ஆபத்து வாற நாள்ல மட்டும் வந்தா அது வேலை செய்யாது, ஒண்டும் நடக்காத சாதாரண நாள்ல, இந்தக் கரைக்கு ஏத்த மாதிரி, வந்துகொண்டே இருக்கவேணும்.

இனி எங்கட சாதாரண நாள் எப்பிடி இருக்கெண்டு பாப்பம். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடற்பரப்புக்கு எண்டு தனியா ஒரு எதிர்வுகூறல் விடுது. காங்கேசன்துறையில இருந்து திருகோணமலைப் பக்கம் வரைக்குமான கடற்பரப்பில காற்று மணிக்கு இத்தனை கிலோமீற்றர், இடைக்கிடை 60 வரைக்கும் கூடலாம், அலை 2.5 மீற்றரில இருந்து 3 மீற்றர் உயரம் எழும்பலாம் எண்ட மாதிரி. தமிழிலயும் வருது, அது நல்ல விசயம். ஆனா இந்த 2.5 எண்டது என்னத்தின்ர 2.5 எண்டு ஆராவது எங்கயாவது சொல்லியிருக்கினமா?

கடல்ல அலை எல்லாம் ஒரே உயரத்தில வராது. பத்து நிமிசம் நிண்டு பாத்தாலே தெரியும், சின்னன் சின்னனா வரும், பிறகு நாலஞ்சு பெரிசு சேர்ந்து வரும், பிறகு அடங்கும். அதால விஞ்ஞானிகள் என்ன செய்யினம் எண்டா வாற அலையளை உயரப்படி அடுக்கி, அதில மேல இருக்கிற மூண்டில ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதின்ர சராசரியைப் போடுகினம். அதுதான் அறிவித்தல்ல வாற அலை உயரம். அப்ப அது கூடின உயரமும் இல்லை, எல்லா அலையின்ர சராசரியும் இல்லை. ஆயிரம் அலைக்கு ஒரு அலை இந்தக் கணக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். 7 செக்கனுக்கு ஒரு அலை எண்டு வைச்சா ஆயிரம் அலை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வந்திடும். ஆகவே 2.5 மீற்றர் எண்ட நாள்ல ரெண்டு மணித்தியாலம் கடல்ல நிக்கிற ஒரு பைபர் போட் 4.5 மீற்றர் அலை ஒண்டைக் காணத்தான் போகுது. 3 மீற்றர் எண்டா அது ஐஞ்சரை. இந்த ஒரு வசனத்தை அறிவித்தலுக்குக் கீழ போட்டா எவ்வளவு வித்தியாசம்! காற்றும் அப்பிடித்தான், 40 எண்டதுக்கும் 60 எண்டதுக்கும் இடையில ஒண்டரை மடங்கு வேகம், ஆனா அது போட்டைத் தள்ளுற விசை ரெண்டே கால் மடங்கு, ஏனெண்டா விசை வேகத்தின்ர வர்க்கத்தோட கூடும்.

இந்த அலை உயரக் கணக்கு எங்கயிருந்து வந்ததெண்டு பாத்தா எனக்கு நல்ல சந்தோசம். ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில கரையில படையை இறக்கிறதுக்கு அலையை முன்கூட்டிக் கணிக்கவேணும் எண்டு கடல் விஞ்ஞானிகளான ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பும் வால்ற்றர் மங்க்கும் வேலை செய்தவை. அவை உந்த மூண்டில ஒரு பங்குக் கணக்கை எடுத்ததுக்குக் காரணம், அனுபவமுள்ள கடலோடி ஒருத்தர் கண்ணால பாத்து அலை இவ்வளவு உயரம் எண்டு சொன்னா அது இந்தக் கணக்குக்குக் கிட்டத்தான் வரும். மனுசக் கண்ணுக்குச் சின்ன அலை படாது, பெரிசுதான் படும். அதாவது உலகம் முழுக்கக் கடல் அறிவித்தல்ல வாற அந்த இலக்கம் தொழிலாளியின்ர கண்ணைப் பாத்துச் செய்த இலக்கம். இதைச் சொல்லித் தொடங்கினா எங்கட சனம் எவ்வளவு கிட்ட வந்து கேக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

முல்லைத்தீவில ஒரு வாடிக்குள்ள, கரைவலை இழுத்து முடிச்ச நேரம், ஒரு வயதுபோன தொழிலாளியிட்ட இதைப் பற்றிக் கேட்டனான். "அண்ணை, 2.5 மீற்றர் எண்டு ரேடியோவில சொன்னா நீங்கள் என்னெண்டு எடுப்பியள்?" அவர் வலையில கிடந்த சாளையை உதறிக்கொண்டே சொன்னார், "அது அவையின்ர கணக்கு தம்பி. நான் கரையில உடையிற அலையைப் பாப்பன், மேகத்தைப் பாப்பன், பெடியன் போன்ல காட்டுற கலரையும் பாப்பன். ரேடியோவில எப்பவும் கடற்றொழிலாளர் அவதானமா இருக்கவும் எண்டுதான் முடிக்கினம். நாங்கள் எப்ப அவதானமில்லாமப் போனனாங்கள்?" பெடியன் போன்ல காட்டினது காற்றையும் அலையையும் கலரில காட்டுற விண்டி ஆப். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா. மகன் அதில விரலை வைச்சு நாளைக்கு விடிய நாலு மணிக்கு எந்தக் கலர் எண்டு இழுத்துப் பாத்திட்டுத் தேப்பனிட்டக் காட்டினான், தேப்பன் தலையாட்டினார், அவ்வளவுதான், போறதெண்டு முடிவு. ஒரு வசனமும் வாசிக்கேல்ல. அந்த ஆப்பை ஆரும் வந்து படிப்பிக்கேல்ல, தொழில் செய்யிற பெடியளே கண்டுபிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் குடுத்தது. இதில எனக்கு விளங்கினது என்னெண்டா எங்கட சனத்துக்குக் கடல் விஞ்ஞானத்தில விருப்பமில்லை எண்டது சுத்தப் பொய், போறதா விடுறதா எண்ட முடிவுக்கு உதவுற மாதிரி வந்தா ஒரே நாள்ல எடுத்துப் பாவிப்பினம்.

ஆனா அந்தக் கலர் ஒரு கொம்பியூட்டர் மொடல் கணக்குப் போட்டு வாறது, பல கிலோமீற்றர் பரப்புக்கு ஒரு இலக்கம், அதில கரைக்குக் கிட்ட திடீரெண்டு வாற இடிமழைக் காற்றுப் பிடிபடாது. சித்திரை மாதத்திலயும் ஐப்பசி மாதத்திலயும் பின்னேரத்தில வாற அந்தக் காற்றிலதான் சின்னப் போட்டுக்கு ஆபத்து. அதைச் சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆள் ஒவ்வொரு கிழமையும் வாற ஆளா இருக்கவேணும்.

சரி, ஆபத்து நாளுக்குத் திரும்புவம். 2004க்குப் பிறகு கனக்க நடந்தது, அதை மறைக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டத்தால அனர்த்த முகாமைத்துவத்துக்கு எண்டு ஒரு கட்டமைப்பு வந்தது, 117 எண்ட அவசரத் தொலைபேசி இலக்கம் வந்தது, கரையோரத்தில சைரன் கோபுரம் நட்டிச்சினம். யுனெஸ்கோவின்ர ஏற்பாட்டில இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை வந்து, 2011இல இருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூண்டும் கணிச்சுச் சொல்லுது. ஆழ்கடல்ல அடியில அழுத்தமானி வைச்சு, மேல மிதவை கட்டி, அலை போகேக்கயே செய்மதிக்குச் சொல்லுற ஏற்பாடும் இருக்கு. இந்த மிதவையளுக்கு ஒரு கரைச்சல், நடுக்கடல்ல மிதக்கிற எதுக்குக் கீழயும் மீன் சேரும், மீன் சேர்ந்தா போட் போகும், போட் போனா கட்டுவினம், கட்டினா சங்கிலி அறும், கருவி உடையும். வங்காள விரிகுடாவில கனமுறை நடந்த விசயம் இது. உந்த மஞ்சள் மிதவை உன்ர வீட்டுக்கு மணி அடிக்கிற மிதவை எண்டு தொழிலாளிக்கு முதலே சொல்லாம, பிறகு சேதப்படுத்திப்போட்டாங்கள் எண்டு குறை சொல்லி என்ன பிரயோசனம்.

2012 ஏப்ரல் 11, புதுவருசத்துக்கு ரெண்டு நாள் இருக்க, பின்னேரம் ரெண்டு மணிபோல சுமாத்திராவுக்கு அங்கால 8.6 அளவில நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு ஓடினது, பின்னேரம் இன்னொண்டு 8.2இல, பிறகு ஒண்டும் வரேல்ல, இரவு திரும்பி வந்தினம். எச்சரிக்கை முறை வேலை செய்தது, அதுக்குப் பாராட்டவேணும். ஆனா பிறகு கரையில கதை என்ன? சும்மா பயப்படுத்திப்போட்டாங்கள் எண்டு. ஏன் வரேல்ல எண்டு அடுத்த கிழமை ஆரும் வந்து சொல்லேல்ல. அது சொல்லக் கஷ்டமான விசயமும் இல்லை, 2004இல தட்டு மேல கீழ அசைஞ்சது, அதால தண்ணி தூக்குப்பட்டது, 2012இல தட்டு பக்கவாட்டில ஒண்டை ஒண்டு உரசிக்கொண்டு போனது, தண்ணியைத் தூக்க ஒண்டும் பெரிசா இல்லை. நிலநடுக்கம் நடந்த முதல் நிமிசங்கள்ல எந்தப் பக்கம் அசைஞ்சதெண்டு நிச்சயமாத் தெரியாது, அளவுதான் முதல்ல தெரியும், அதால ஓடச் சொல்லத்தான் வேணும். இதை ஒரு அஞ்சு நிமிசம் மீன்பிடிச் சங்கத்தில வந்து சொல்லியிருந்தா அடுத்தமுறைக்கு அந்த ஓட்டம் வீண் ஓட்டம் எண்டு ஆரும் நினைக்க மாட்டினம். ஒரு சம்பவத்துக்கு முதல் சொல்லுறதை விடப் பிறகு சொல்லுறதுதான் எங்கட நாட்டில குறைவு, எனக்கு அதுதான் பெரிய ஓட்டையாத் தெரியுது.

அந்த ஓட்டைக்குள்ளாலதான் வட்ஸ்அப் கதையள் வருது. கடல் கொஞ்சம் வத்தினா ஒரு வொய்ஸ் மெசேஜ், பௌர்ணமி வந்தா ஒரு மெசேஜ், ஏனெண்டா 2004 டிசம்பர் 26 போயா நாள், அதால நிலவுக்கும் சுனாமிக்கும் முடிச்சுப் போட்டிட்டினம். சுனாமி நிலவால வந்ததில்லை, கடலுக்கு அடியில தட்டு அறுந்து வந்தது. நிலவால வாறது வத்தும் பெருக்கும், எங்கட கரையில அது ஒரு மீற்றருக்கும் குறைவு, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கொஞ்சம் கூட. இதோட கடல்மட்டமே பருவத்துக்குப் பருவம் மாறும், மாரியில வங்காள விரிகுடாத் தண்ணி கரையோட தெற்கால இறங்கி வரேக்க எங்கட பக்கம் உயர்வா இருக்கும், சோளகக் காலத்தில தாழ்வா இருக்கும். பூநகரி, விடத்தல்தீவுப் பக்கம் கடல் சரியான ஆழங்குறைவு, தரை சப்பட்டை, அங்க ரெண்டு சாண் தண்ணி குறைஞ்சாலே பார்வைக்குக் கடல் ஓடிப்போன மாதிரி இருக்கும். அப்ப எப்பிடிப் பிரிச்சறியிறது? நேரத்தை வைச்சு. வத்துப் பெருக்கு மணித்தியாலக் கணக்கில மெதுவா நடக்கும். சுனாமி நிமிசக் கணக்கில ஏறும் அல்லது இறங்கும். கண்ணுக்கு முன்னால நிமிசத்தில கடல் மாறினா, ஏறினாலும் சரி வத்தினாலும் சரி, வெளிக்கிடவேணும், வெளிக்கிட்டா மணித்தியாலக் கணக்கில திரும்பி வரக்கூடாது, அலைக்கும் அலைக்கும் இடையில அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் கூட இருக்கும். 2004இல இலங்கைக் கரையில கடல் வத்தினதைப் பாத்த ஆக்களும் உண்டு, அது முதல் அலைக்குப் பிறகு, அடுத்தது வரமுதல்.

சுனாமி மட்டும் இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அங்கால எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு, 1,600 தொன்னுக்கு மேல பிளாஸ்டிக் மணி கடலுக்குப் போச்சு, நாடு முழுக்கச் சனம் மீன் வாங்கப் பயந்தது. 2025 மே 25 கேரளத்துக் கொச்சிப் பக்கம் எம்.எஸ்.சி. எல்சா 3 எண்ட கப்பல் தாழ்ந்து, அடுத்த மாதமே அந்தப் பிளாஸ்டிக் மணி மன்னார்க் கரையில வெள்ளையாக் கிடந்தது. கேரளாவில தாண்ட கப்பலின்ர சாமான் மன்னாருக்கு எப்பிடி வந்தது எண்டு கேட்ட சனத்துக்கு இதைவிட நல்ல பாடவேளை கிடைக்குமா? சோளகக் காலத்தில இந்தியாவின்ர மேற்குக் கரையோட நீரோட்டம் தெற்கால வரும், பிறகு கிழக்கால திரும்பி இலங்கைப் பக்கம் வரும், காற்றும் அதே பக்கம் தள்ளும். மாரியில எல்லாம் மறுபக்கம் திரும்பும். வருசத்துக்கு இரண்டு முறை நீரோட்டம் முழுசாத் திரும்புற கடல் உலகத்தில அரிது, நாங்கள் அதுக்கு நடுவில இருக்கிறம். வாடையும் சோளகமும் சொல்லி வளர்ந்த சனத்துக்கு இதில பாதி ஏற்கெனவே தெரியும், மிச்சப் பாதியைச் சொல்ல ஆள் வேணும். மீன் திண்டா என்ன எண்டதுக்கும் நேரடியாப் பதில் சொல்லலாம், மீன் விழுங்கின மணி இரைப்பையிலயும் குடலிலயும்தான் கிடக்கும், சதைக்குள்ள அந்த அளவு மணி போகாது, குடலை எடுத்துக் கழுவித்தான் சமைக்கிறம், ஆனா எரிஞ்ச கப்பலெண்டா அதோட வந்த இரசாயனத்தைத் தனியாச் சோதிச்சுச் சொல்லவேணும். தெரிஞ்சது இது, இன்னும் சோதிக்கிறது இது எண்டு பிரிச்சுச் சொன்னா சனம் பொறுக்கும். ஒண்டும் சொல்லாமல் விட்டாத்தான் சந்தையில மீன் கிடந்து பழுதாப்போகும்.

முல்லைத்தீவில நந்திக்கடல் எண்ட களப்பிலயும் இடைக்கிடை மீன் செத்து மிதக்கும், உடன ஆரோ நஞ்சு போட்டிட்டாங்கள் எண்டு கதை வரும். கடுங்கோடையில ஆழங்குறைஞ்ச தண்ணி சூடேறினா அதில ஒட்சிசன் தங்குற அளவு குறையும், பாசி கூடக் கிடந்தா இரவில அது மிச்ச ஒட்சிசனையும் எடுக்கும், அதால விடியப்புறத்திலதான் கூடுதலாச் சாகும். செத்த நேரத்தைக் கேட்டாலே பாதிக் காரணம் தெரியவரும். வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் எப்ப திறக்குது எண்டதும் இறாலுக்குப் பெரிய விசயம், ஏனெண்டா இறால் குஞ்சு பொரிக்கிறது கடல்ல, வளருறது களப்பில, முகம் அடைபட்டுக் கிடந்தா உள்ளுக்கு வர வழியில்லை. இதெல்லாம் நந்திக்கடல்ல வீச்சுவலை வீசுற ஆக்களுக்கு நல்லாத் தெரியும், ஆராய்ச்சி செய்யிறவை அவையிட்டக் கேட்டு எழுதவேணும், எழுதினதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டவேணும். நோர்வேயின்ர நான்சன் ஆய்வுக்கப்பல் 2018இல இலங்கையைச் சுத்தி ஆய்வு செய்தது, 1978 தொடக்கம் 80 வரைக்கும் செய்ததுக்குப் பிறகு அப்பதான் மறுபடி வந்தது. அந்த மாதிரி ஆய்வின்ர முடிவு ஆங்கிலத்தில தடிச்ச அறிக்கையா இருக்கிறதில பிழை இல்லை, ஆனா முல்லைத்தீவுக்கு அங்கால என்ன மீன் எவ்வளவு இருக்கெண்டு ரெண்டு பக்கத் தமிழில சங்கத்துச் சுவரில ஒட்டினா அதை வாசிக்காத தொழிலாளி இருக்க மாட்டார்.

கடைசியா, வயல்காரர். கடல் விஞ்ஞானம் கரையில இருக்கிறவைக்குத்தான் எண்டு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஒரு நினைப்பு இருக்கு. காலபோகத்துக்கு வாற மழை முழுக்கக் கடல் குடுக்கிற மழை. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகிறது, வந்தா வரட்சி எண்டு இந்திய ரி.வி. சொல்லும், அவைக்கு அது சரி, அவையின்ர பெரிய மழை ஆனியில இருந்து புரட்டாதி வரைக்கும், அது எல் நினோவில குறையும். எங்கட பெரிய மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. எல் நினோ வருசத்தில ஒக்டோபரில இருந்து டிசம்பர் வரைக்கும் இலங்கையில மழை கூடுறதுதான் பெரும்போக்கு. இதோட இந்து சமுத்திரத்துக்கெண்டே தனியா ஒரு ஆட்டம் இருக்கு, மேற்குப் பக்கக் கடல் சூடாகிச் சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தா எங்களுக்கு மழை கூட, மறுபக்கமா நடந்தா மழை குறைய. 1999இலதான் விஞ்ஞானிகள் இதுக்கு ஒரு பேர் வைச்சு எழுதிச்சினம். 2016இல மறுபக்கம் பலமா நடந்தது, அந்தக் காலபோகம் மழை பொய்ச்சு, நாட்டில கன பத்து வருசத்தில காணாத வரட்சி வந்தது. 2019இல மேற்குப் பக்கக் கடல் பலமாச் சூடானது, டிசம்பரில வெள்ளம். ஒவ்வொரு வருசமும் இப்பிடியே நடக்கும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது, சாய்வு எந்தப் பக்கம் எண்டுதான் சொல்லலாம், ஆனா அந்தச் சாய்வு ஆவணி, புரட்டாதியிலயே ஓரளவுக்குத் தெரியவரும். காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டமும் அந்த நேரத்திலதான் வைக்கிறவை, குளத்துத் தண்ணி எவ்வளவு, எப்ப விதைக்கிறது, எந்த நெல்லு எண்டு முடிவெடுக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில நீர்ப்பாசனத்துக்கு நேரம் இருக்கு, உரத்துக்கு நேரம் இருக்கு, கமநல காப்புறுதிக்கு நேரம் இருக்கு. கடல் இந்த வருசம் எந்தப் பக்கம் சூடா இருக்கெண்டு சொல்லவும் ஒரு பத்து நிமிசம் குடுக்கட்டும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில இருந்தோ வளிமண்டலத் திணைக்களத்தில இருந்தோ ஒருத்தர் வந்து ஒரு படத்தைக் காட்டட்டும், அடுத்த வருசமும் அதே ஆள் வந்து போன வருசம் சொன்னது எவ்வளவு சரிவந்தது எண்டதில இருந்து தொடங்கட்டும்.